தூசி தட்டி எடுக்கப்படும் சட்டங்கள்: சட்டமியற்றுவோருக்கு ஒரு திறந்த மடல்

சட்டமியற்றும் அவைகளில் அமர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

"சட்டம் தன் கடமையைச் செய்யும்" என்று உங்களில் பலர் மேடையிலும் பேட்டியிலும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். யாராவது கைதானால் சொல்கிறீர்கள். யாராவது கைதாகாமல் தப்பினாலும் அதையேதான் சொல்கிறீர்கள். கேட்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாக்கியத்தில் ஆள் இல்லை. சட்டத்துக்குக் கை கிடையாது, கால் கிடையாது. தானாக எழுந்து போய் அது யார் வீட்டுக் கதவையும் தட்டாது. எங்கோ ஓர் அறையில் ஒருவர் ஒரு கோப்பைக் கையில் எடுக்கிறார். அதே அலமாரியில் அதே மாதிரி இன்னும் நூறு கோப்புகள் இருக்கின்றன. அவற்றை அவர் எடுக்கவில்லை. இதை ஏன் எடுத்தார், அவற்றை ஏன் விட்டார் என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

காவல்துறைக்கோ நீதிபதிகளுக்கோ எழுதாமல் எங்களுக்கு ஏன் எழுதுகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். கோப்பை எடுப்பது அவர்கள்தான், சரி. அந்த அலமாரியைச் செய்து, நிரப்பி, சாவியையும் அவர்கள் கையில் கொடுத்தது நீங்கள்.

சொந்தக் கதை ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். பல வருடங்களுக்கு முன் ஓர் அனுமதி வாங்க ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்தத் துறை என்பது இங்கே முக்கியமில்லை. விதிகள் கேட்ட ஆவணங்களில் ஒன்று, அந்த அலுவலகமே முன்பு வழங்கிவந்து பிறகு நிறுத்திவிட்ட ஒரு சான்றிதழ். அதாவது, விதிப்படி அந்த அனுமதியை உலகத்தில் யாருமே வாங்க முடியாது. ஆனால் எல்லோரும் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நல்ல மனிதர். காசு கேட்கவில்லை, இழுத்தடிக்கவும் இல்லை. "விதிப்படி பார்த்தா எதுவும் நடக்காது சார். உங்களுக்காகப் பார்க்கிறேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

நாலைந்து வருடம் கழித்து அதே அலுவலகம் எடுத்த ஒரு முடிவு எங்களில் பலரைப் பாதித்தது. எதிர்த்து மனு எழுத உட்கார்ந்தேன். பேனா நகரவில்லை. என் கோப்பு அங்கே இருக்கிறது. அதில் ஒரு தாள் குறைகிறது. யாரும் என்னை மிரட்டவில்லை. அந்த நல்ல மனிதர் அதற்குள் ஓய்வுபெற்றுக்கூடப் போயிருப்பார். ஆனாலும் நான் எழுதவில்லை. வேறு யாரோ எழுதினார்கள். அதில் கையெழுத்துக்கூடப் போடாமல் நழுவிவிட்டேன். இதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

வேலோடு வழிமறிப்பவன் 'கொடு' என்பதும் கோலோடு நிற்பவன் 'கொடுங்களேன்' என்பதும் ஒன்றுதான் என்பது நமக்கு ரொம்பக் காலமாகத் தெரிந்த விஷயம். என் அனுபவம் அதற்கும் ஒரு படி மேலே போனது. அங்கே கோலோடு நின்றவர் எதையும் கேட்கவே இல்லை. நானாகவே என் வாயைக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தொழிற்சங்கங்களில் 'விதிப்படி வேலை' என்று ஒரு போராட்ட முறை உண்டு. வேலைநிறுத்தம் கிடையாது, மறியல் கிடையாது. விதிப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை ஓர் எழுத்துப் பிசகாமல் செய்வார்கள், அவ்வளவுதான். ரயில்வே ஊழியர்களும் அஞ்சல் ஊழியர்களும் பல நாடுகளில் இதைச் செய்திருக்கிறார்கள். செய்தால் வேலை அப்படியே தேங்கி நிற்கும். நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கு ஓடி வரும். விதியைப் பின்பற்றுவேன் என்று சொல்வதே ஒரு மிரட்டலாக இருக்கிறதென்றால், அந்த விதியை எதற்காக எழுதி வைத்தார்கள்? எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் இதற்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்: "ஏதாவது ஆச்சுன்னா யார் தலையில் கட்டுறதுன்னு முன்னாடியே எழுதி வைக்கிறதுக்குப் பேர்தான் விதி." விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் நீங்கள் நிறைவேற்றும் சட்டங்களில் எத்தனைக்கு இந்த விளக்கம் பொருந்தும் என்று ஒருநாள் நிதானமாக எண்ணிப் பாருங்கள்.

சட்டத்தின் ஆட்சி என்றால் என்ன என்று கேட்டால், மனிதர் ஆளக் கூடாது, சட்டம் ஆள வேண்டும் என்ற பதில் உடனே வரும். அரிஸ்டாட்டில் இதற்குக் காரணமும் சொல்லியிருக்கிறார்: சட்டம் ஆசை கலக்காத அறிவு, மனிதனை ஆளவிட்டால் கூடவே ஒரு மிருகத்தையும் சேர்த்து உட்காரவைக்கிறோம். 1885இல் இங்கிலாந்தின் சட்ட அறிஞர் டைசி, எவ்வளவு பெரிய பதவியில் இருப்பவரும் சாதாரணக் குடிமகன் நிற்கும் அதே நீதிமன்றத்தில் நிற்க வேண்டும் என்றார். 1215இல் இங்கிலாந்து மன்னனைப் புல்வெளியில் நிறுத்தி, மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்தில் பிரபுக்கள் முத்திரை வாங்கியதும் இதே கவலையால்தான். இவர்கள் எல்லோரும் பயந்தது சட்டத்தை மீறும் அரசனைப் பார்த்து. சட்டத்தில் ஒரு காற்புள்ளியைக்கூட மீறாமல் இஷ்டப்படி ஆளவும் ஒரு வழி இருக்கிறது. எல்லோரும் ஏதாவதொரு வகையில் மீறித்தான் ஆக வேண்டும் என்கிற மாதிரி சட்டம் போட்டுவிட்டு, யாரைப் பிடிப்பது என்பதை மட்டும் தன் கையில் வைத்துக்கொள்வது.

பழைய ரோமில் காலிகுலா என்ற பேரரசன் புதுப்புது வரிகளை விதித்தான், ஆனால் அறிவிக்கவில்லை. தெரியாமல் மீறியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். மக்கள் கூச்சல் போட்டதும் எழுதி ஒட்டினான். பொடி எழுத்தில், யாரும் நின்று நகலெடுக்க முடியாத ஒரு குறுகலான இடத்தில். ரோமானிய வரலாற்றாசிரியர் ஸ்வெட்டோனியஸ் எழுதி வைத்த கதை இது. இன்று அவ்வளவு சிரமப்பட வேண்டியதில்லை. எல்லாம் அரசிதழில் வருகிறது, இணையத்திலும் கிடைக்கிறது. சட்டம், அதன் கீழ் விதிகள், விதிகளின் கீழ் அறிவிக்கைகள், அறிவிக்கைக்குத் திருத்தம், திருத்தத்துக்கு விளக்கச் சுற்றறிக்கை. படித்து முடிக்கத்தான் ஓர் ஆயுள் போதாது. எழுத்தின் அளவு பெரிதாகிவிட்டது. நகலெடுக்க முடியாத நிலைமை அப்படியே இருக்கிறது.

அமெரிக்கச் சட்ட அறிஞர் லான் ஃபுல்லர் 1964இல் ஒரு கற்பனை அரசனைப் படைத்தார். பெயர் ரெக்ஸ். நல்லவன், மக்களுக்குச் சட்டம் கொடுக்க ஆசைப்பட்டவன். எட்டு விதமாகத் தோற்றுப்போகிறான். பொதுவிதி இல்லாமல் ஒவ்வொன்றையும் அவ்வப்போது தீர்ப்பது, சட்டத்தை வெளியிடாமல் வைத்திருப்பது, நேற்றுச் செய்ததற்கு இன்று சட்டம் போடுவது, புரியாமல் எழுதுவது, ஒன்றுக்கொன்று முரணாக எழுதுவது, செய்ய முடியாததைச் செய்யச் சொல்வது, நாளுக்கொரு தடவை மாற்றுவது என்று ஏழு. எட்டாவதுதான் எனக்கு முக்கியம்: எழுதிய சட்டம் ஒன்று, நடைமுறையில் அதிகாரிகள் செய்வது வேறொன்று.

இந்த எட்டும் ஒழுக்கத்தின் பாற்பட்டவை என்று ஃபுல்லர் சொன்னதற்குப் பெரிய எதிர்ப்பு வந்தது. இதெல்லாம் திறமையாக வேலை செய்வதற்கான குறிப்புகள், விஷம் வைப்பவனுக்கும்தான் தொழில் நுணுக்கம் இருக்கிறது, அதற்காக அதை ஒழுக்கம் என்போமா என்ற பொருளில் இங்கிலாந்தின் சட்டத் தத்துவ அறிஞர் ஹார்ட் கேட்டார். பின்னர் 1977இல் ஜோசப் ராஸ் என்ற இன்னொரு சட்டத் தத்துவ அறிஞர் இதைக் கத்தியின் கூர்மையோடு ஒப்பிட்டார். காய் நறுக்கவும் கழுத்தறுக்கவும் கூர்மை ஒரே மாதிரி உதவும். இந்த வாதத்தை முதலில் படித்தபோது எனக்கு மறுக்கத் தெரியவில்லை. ஆனால் அந்த அலுவலக அனுபவத்தை வைத்துப் பார்க்கும்போது ஃபுல்லர் பக்கம்தான் சாய்கிறேன். காரணம், சட்டம் போடும்போது அரசு குடிமகனிடம் ஒரு வாக்குக் கொடுக்கிறது என்கிறார் அவர்: இவைதான் விதிகள், நீ இவற்றின்படி நடந்தால் உன்னை இவற்றைக் கொண்டே பார்ப்போம், வேறெதையும் கொண்டு பார்க்க மாட்டோம். கத்தி யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. யாராலும் பின்பற்ற முடியாத சட்டத்தை எழுதிவிட்டு, ஆளைப் பார்த்து அமல்படுத்துவது வாக்குத் தவறுவது. அதைத் திறமைக் குறைவு என்று எந்த ஊரிலும் சொல்ல மாட்டார்கள்.

ஆளைப் பார்த்து அமல்படுத்துவது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஒரு பழைய வழக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோ நகரசபை 1880இல் ஒரு விதி போட்டது. செங்கல் அல்லது கல் கட்டடத்தில் இல்லாத சலவையகம் நடத்த வேண்டுமானால் நகரசபையின் அனுமதி வேண்டும். படித்தால் தவறாக எதுவும் தெரியாது. மரக்கட்டடங்கள் நிறைந்த நகரம், சலவையகத்தில் எந்நேரமும் நெருப்பு எரியும். தீ விபத்துக்குப் பயந்து போட்டிருப்பார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். சீனர் என்ற சொல்லே அந்த விதியில் இல்லை. ஆனால் அன்று நகரத்தில் இருந்த சுமார் 320 சலவையகங்களில் 310 மரக்கட்டடங்களில்தான் நடந்தன. சுமார் 240 சீனர்களுடையவை. அனுமதி கேட்டு விண்ணப்பித்த சீனர்கள் 200 பேருக்கு மேல், ஒருவருக்கும் கிடைக்கவில்லை. மற்றவர்கள் 80 பேர் போல. ஒருவரைத் தவிர எல்லோருக்கும் கிடைத்தது. வழக்குப் போட்டவர் அதே இடத்தில் 22 ஆண்டுகளாகத் தொழில் செய்தவர். தீத்தடுப்புச் சான்றும் சுகாதாரச் சான்றும் கையில் வைத்திருந்தார். இருந்தும் சிறைக்குப் போனார்.

1886இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவரை விடுவித்தது. சட்டம் முகத்தளவில் நியாயமாக இருந்தாலும் கெட்ட கண்ணோடும் சமமில்லாத கையோடும் அமல்படுத்தினால் அது நீதி மறுப்பே என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பில் எல்லோரும் மேற்கோள் காட்டும் இடம் இதுதான். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறோர் இடம். அந்த விதியில், அனுமதி தரவோ மறுக்கவோ என்ன அடிப்படை என்று ஒரு வார்த்தைகூட எழுதப்படவில்லை என்று நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. கெட்ட கண் பிறகு வந்தது. அது வந்து உட்காரும் இடத்தை முதல் நாளே காலியாக விட்டு வைத்தது சட்டம் எழுதியவர்கள்.

எழுதும்போதே விடப்படும் இந்தக் காலியிடங்கள் பெரும்பாலும் ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருக்கும். ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரத்தில் ஒரு விதி இருந்தது. இங்கிலாந்தின் பழைய வறியோர் சட்டங்களிலிருந்து வழிவழியாக வந்தது. பொறுக்கிகள், நாடோடிகள், இரவில் நடமாடுபவர்கள், காரணமின்றி அங்குமிங்கும் திரிபவர்கள், வழக்கமாக வெட்டியாக இருப்பவர்கள் என்று ஒரு நீண்ட பட்டியல், எல்லோரும் குற்றவாளிகள். ஓர் அதிகாலையில் ஒரு காரை நிறுத்தினார்கள். உள்ளே இரண்டு வெள்ளைப் பெண்கள், இரண்டு கறுப்பு ஆண்கள். போட்ட குற்றச்சாட்டு: காரில் பதுங்கித் திரிந்தது. 1972இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியையே தூக்கி எறிந்தது. எது குற்றம் என்று சாதாரண மனிதருக்கு அது சொல்லவில்லை. யாரைப் பிடிக்கலாம் என்று காவலருக்கு எல்லையும் வகுக்கவில்லை.

இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவும் இதே வம்சம்தான். 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்த்தார்கள். எரிச்சலூட்டுவது, அசௌகரியம் தருவது போன்ற சொற்களை வைத்து மூன்று ஆண்டுகள் வரை சிறை. எரிச்சல் அடையாமல் ஒரு நாள் முழுக்க இணையத்தில் இருந்தவர் யார் என்று தெரியவில்லை; அந்தக் கணக்கில் நாம் எல்லோரும் உள்ளே இருக்க வேண்டியவர்கள். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்துசெய்தது. கதை அங்கே முடியவில்லை. ரத்தான பிறகும் காவல் நிலையங்களில் அதே பிரிவில் வழக்குப் பதிவு செய்துகொண்டே இருந்தார்கள். 2021இல் இந்தச் செய்தி நீதிமன்றத்துக்கு வந்தபோது நீதிபதிகளே அதிர்ச்சி தெரிவித்தார்கள். செத்துப்போன பிரிவுக்கு ஆறு வருடம் கழித்தும் கையும் காலும் வேலை செய்தன. கைக்கு வாகான ஆயுதத்தை யாரும் சுலபத்தில் கீழே வைப்பதில்லை.

இந்த இடத்தில் உங்கள் பக்கத்திலிருந்து வழக்கமாக வரும் ஒரு பதில் எனக்குத் தெரியும். "அந்தச் சட்டத்தை யாரும் பயன்படுத்துவதே இல்லையே, புத்தகத்தில் சும்மா கிடக்கிறது, அதை நீக்க எதற்கு இவ்வளவு அவசரம்?" இந்த வாதம் நீதிமன்றத்திலேயே ஒருமுறை ஏறிவிட்டது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 377ஆம் பிரிவு, வயதுவந்த ஒரே பாலினத்தவர் இருவர் மனமொத்து உறவுகொள்வதையும் குற்றமாக்கியிருந்தது. 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் தளர்த்தியது. 2013இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியபோது சொன்னவற்றில் ஒன்று: வெளிவந்த தீர்ப்புகளின்படி 150 ஆண்டுகளுக்கும் மேலாக 200 பேருக்கும் குறைவானவர்கள் மீதே இந்தப் பிரிவில் வழக்கு நடந்திருக்கிறது.

200 என்ற எண்ணைப் பார்த்து நிம்மதி அடையலாம் என்று நினைத்தார்கள். நான் பயந்தேன். லட்சக்கணக்கானவர்கள் மீறும் ஒரு சட்டத்தில் 200 பேர் மட்டும் மாட்டுகிறார்கள் என்றால், மாட்டியவர்கள் செய்த தனிக் குற்றம் என்ன? மாட்டாதவர்கள் ஒவ்வொருவரும் மிரட்டலுக்குப் பயந்து எதையெல்லாம் விட்டுக்கொடுத்திருப்பார்கள்? அந்தக் கணக்கு எந்தத் தீர்ப்பிலும் வராது. காவல் நிலைய வாசலுக்குப் போகாமலேயே முடிந்த பேரங்களுக்கு முதல் தகவல் அறிக்கை கிடையாது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்ந்து இதைச் சரிசெய்தார்கள். செய்ய வேண்டியவர்கள் நீங்கள். அந்த வேலையை நீதிமன்றத்தின் தலையில் வைத்துவிட்டு இருந்துவிட்டீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ராபர்ட் ஜாக்சன் 1940 ஏப்ரலில் அமெரிக்காவின் அட்டர்னி ஜெனரலாக இருந்தார். நாஜித் தலைவர்கள் மீதான நூரம்பெர்க் விசாரணையில் அமெரிக்கத் தரப்பில் தலைமை வழக்கறிஞராகப் போனது பிறகுதான். தன் கீழ் வேலை செய்யும் அரசு வழக்கறிஞர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு அவர் சொன்னதன் சாரம் இது: சட்டப் புத்தகங்களில் இவ்வளவு குற்றங்கள் குவிந்திருக்கும்போது யாரை எடுத்தாலும் ஏதாவது ஒரு மீறலைக் கண்டுபிடித்துவிட முடியும், குற்றம் நடந்ததைப் பார்த்துவிட்டு ஆளைத் தேடுவது போய், ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டு அவருக்கான பிரிவைத் தேடும் வேலையாக இது மாறிவிடும், இந்தப் பதவியின் மிகப் பெரிய ஆபத்து இதுதான். எதிர்க்கட்சிக்காரர் பேசியதில்லை இது. அந்த அதிகாரத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்தவர், தன் ஆட்களைப் பார்த்துப் பேசியது. நம் ஊர்ப் பேச்சில் 'தூசி தட்டி எடுத்தார்கள்' என்று சொல்கிறோமே, அதேதான். ஒருவர் ஆட்சியை விமர்சித்த மறுவாரம் அவருடைய பழைய கோப்பு ஒன்று தூசி தட்டப்படும்போது, அந்தக் கோப்பில் இருப்பது பொய்யாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. உண்மையாகவே அவர் மீறியிருப்பார். நானும் மீறியிருப்பேன். நீங்களும்தான்.

சரி, அப்படியானால் எல்லாச் சட்டத்தையும் எல்லோர் மீதும் விடாமல் பாய்ச்ச வேண்டுமா? இதை நான் லேசாகத் தள்ளிவிடவில்லை. 1869இல் அமெரிக்க அதிபர் கிராண்ட் பதவியேற்பு உரையில், மோசமான சட்டத்தை நீக்கவைக்க வேண்டுமானால் அதைக் கறாராக அமல்படுத்துவதைவிட நல்ல வழி இல்லை என்றார். கேட்க நன்றாக இருக்கிறது. அமல்படுத்தும் நாட்களில் நசுங்குபவர்கள் யார் என்று பார்த்தால் அவ்வளவு நன்றாக இல்லை. உங்கள் பிள்ளைகளுக்கு வழக்கறிஞர் கிடைப்பார். எல்லோருக்கும் கிடைக்க மாட்டார்.

இடம் பார்த்து முடிவெடுக்க அதிகாரிக்கு விடப்படும் விருப்புரிமை இல்லாத சட்டம் கொடுமையாகிவிடும் என்பதையும் மறுக்கவில்லை. இதிலும் அரிஸ்டாட்டிலிடம்தான் போக வேண்டியிருக்கிறது. லெஸ்பாஸ் தீவின் கொத்தனார்கள் ஈயத்தால் ஆன அளவுகோல் வைத்திருந்தார்கள். கல்லின் வளைவுக்கு ஏற்ப அது வளையும். பொதுவிதி பொருந்தாத இடத்தில் நீதியும் அப்படி வளைய வேண்டும் என்கிறார். அழகான உவமை. அதில் ஒன்றைக் கவனித்தேன்: கோல் வளைவது கல்லைப் பார்த்து. கல் யாருடையது என்று பார்த்து வளைந்தால் அதற்கு வேறு பெயர்.

என்னைக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய அந்த மனிதரும் இரக்கத்தால்தான் வளைந்தார். அவர் வளைந்த காரணம் எங்கும் எழுதப்படவில்லை என்பதுதான் சிக்கல். எழுதி ஒட்டியிருந்தால் அடுத்து வந்தவர் அதைக் காட்டி உரிமையோடு கேட்டிருப்பார். நானும் யாருக்கும் கடன்பட்டிருக்க மாட்டேன்.

இரக்கத்தை எழுதி வைக்க முடியுமா என்றால், முடியும். இங்கிலாந்தில் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி இன்னொருவரின் தற்கொலைக்கு உதவினால் 14 ஆண்டுகள் வரை சிறை. ஆனால் எல்லா வழக்கிலும் குற்றம் சாட்டுவதில்லை. அந்த முடிவு வழக்குத் தொடரும் துறையின் தலைமை அதிகாரி கையில் இருந்தது. தீராத நோயுற்ற ஒரு பெண் நீதிமன்றம் போனார். உயிரை முடித்துக்கொள்ள உதவி கிடைக்கும் வேறொரு நாட்டுக்குத் தான் போகும்போது கணவர் கூட வந்தால் அவர்மேல் வழக்குப் போடுவீர்களா மாட்டீர்களா என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள எனக்கு உரிமை உண்டு என்றார். சட்டத்தை மாற்றுங்கள் என்று அவர் நீதிமன்றத்தைக் கேட்கவில்லை. எப்போது கோப்பை எடுப்பீர்கள், எப்போது விடுவீர்கள், அதை மட்டும் சொல்லிவிடுங்கள் என்றார். 2009 ஜூலையில் பிரபுக்கள் அவை, அப்போது அதுதான் அங்கே உச்ச நீதிமன்றம், அவர் பக்கம் தீர்ப்பளித்தது. எந்தெந்தக் காரணங்களைப் பார்த்து வழக்குத் தொடர்வது, எவற்றைப் பார்த்து விடுவது என்று 2010 பிப்ரவரியில் அந்த அதிகாரி வெளியிட வேண்டியதாயிற்று. தற்கொலைக்கு உதவுவது சரியா தவறா என்ற விவாதம் தனி. அதில் எனக்கே இன்னும் தெளிவில்லை. ஆனால் அந்தப் பெண் கேட்ட கேள்வியை உங்கள் ஒவ்வொரு சட்டத்தைப் பற்றியும் கேட்கலாம்.

அப்புறம், பழைய சட்டங்கள். ரோமானியச் சட்ட வல்லுநர் ஜூலியன் இரண்டாம் நூற்றாண்டிலேயே சொன்னார்: மக்கள் எல்லோரும் பேசாமல் ஒத்துக்கொண்டு கைவிட்ட சட்டம் நீக்கப்பட்ட சட்டமே. இன்று பெரும்பாலான நாடுகளில் இது செல்லாது. புத்தகத்தில் இருந்தால் உயிரோடு இருப்பதாகவே கணக்கு. சட்டம் நிறைவேறும் நாளில் நாள் குறித்து, மேளதாளத்தோடு அறிவிக்கிறீர்கள். அது எப்போது சாக வேண்டும் என்று யாரும் நாள் குறிப்பதில்லை. தண்டனை விதிக்கும் ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு காலாவதிப் பிரிவு சேருங்கள். குறித்த ஆண்டுகள் முடிந்ததும் மறுபடி அவைக்கு வரட்டும். இன்னும் வேண்டும் என்றால் எழுந்து நின்று காரணம் சொல்லி நீட்டித்துக்கொள்ளுங்கள். நேரமில்லை என்பீர்கள். பரிசீலிக்க நேரமில்லாத அளவுக்குச் சட்டங்கள் இருக்கின்றன என்றால், அவற்றைப் பின்பற்றச் சொல்லப்படும் எங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கும் என்று நினைத்தீர்கள்?

ஒவ்வொரு தண்டனைப் பிரிவும் வருடத்தில் எத்தனை தடவை, எப்படிப்பட்டவர்கள் மேல் பாய்ந்தது, எத்தனை வழக்கு தண்டனை வரை போனது, எத்தனை வழக்கு விசாரணையே தொடங்காமல் ஆளை அலைக்கழித்தது என்பது அவையில் வைக்கப்பட வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோ வழக்கை வென்றுகொடுத்தது வாதத்திறமை மட்டும் இல்லை. 200, 80 என்ற அந்த இரண்டு எண்கள். எண் இல்லாமல் பாரபட்சத்தை நிரூபிக்க முடியாது. அந்த எண்களை அவையிலேயே அரசாங்கத்திடம் கேட்டு வாங்கும் அதிகாரம் உங்களுக்கு உண்டு.

இன்னொன்று, சங்கடமானது. உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொண்ட விலக்குகள். அவைக்குள் பயமில்லாமல் பேசுவதற்கான பாதுகாப்பு அவசியம்; அதைத் தொடச் சொல்லவில்லை. மற்ற விலக்குகளை ஒருநாள் எடுத்து வைத்துப் பாருங்கள். ஒரு விதியின் பாரம் உங்கள் தோளில் ஒரு வாரம் இருந்தால், அது பின்பற்றக்கூடியதா இல்லையா என்று எந்த நிபுணர் குழுவும் இல்லாமல் தெரிந்துவிடும்.

அடுத்த கூட்டத்தொடரில் ஏதாவது ஒரு மசோதா வரும். கடைசி மணி நேரத்தில் வரும், குரல் வாக்கெடுப்புக்குப் போகும். அதில் எங்காவது 'பொருத்தமற்ற முறையில்' என்றோ, 'அல்லது வேறு எந்த வகையிலும்' என்றோ, 'அதிகாரி தகுதியென்று கருதினால்' என்றோ ஒரு வரி இருக்கும். அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டு எழுந்திருங்கள். கருதினால் என்றால் எதை வைத்துக் கருதுவார், கருதாவிட்டால் யாரிடம் போய்க் காரணம் கேட்பது என்று அமைச்சரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பதில் அவைக்குறிப்பில் ஏறட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர்களில் ஒருவன்